பதினோராவது ஆள்

எங்கள் பக்கத்தில் மேடு பள்ளமில்லாத ஒரு ஏக்கர் நிலத்தைக் கண்டால், அதற்கு ஏற்கனவே ஒரு சொந்தக்காரர் இருப்பார். நல்ல சமதரை துரையின் பங்களாவுக்கும் அதன் முன்னால் விரிந்த புல்வெளிக்கும் போய்விடும். அடுத்தது ஸ்டோருக்கு. மிச்சம் மீதி இருந்தால் மாரியம்மனுக்கு. லயங்கள் சரிவில் தொங்கிக்கொண்டிருக்கும். தேயிலைக்குச் சரிவுதான் பிடிக்கும் என்பதால் அதைப்பற்றிப் பேச்சே இல்லை. உதைபந்து விளையாடும் ஆசை இந்த மலையில் ஒருவனுக்கு வந்துவிட்டால், பந்தைத் தேடுமுன் அவன் தரையைத் தேடியாக வேண்டும்.

தேடியவர்கள் எங்களுக்கு முன்னாலும் இருந்தார்கள். லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிடத் தொடங்கியது 1867இல். மறு வருஷமே, டிக்கோயாப் பக்கம் இன்னும் கோப்பி நின்ற காலத்தில், துரைமார் தரவளையில் டிக்கோயா மஸ்கெலியா கிரிக்கெட் கழகத்தை அமைத்துவிட்டார்கள். நுவரெலியாவில் குதிரைகளுக்கு 1875இல் பந்தயத் திடல் கிடைத்தது. கோல்ஃப் பந்துக்கு 1889இல் இடம் கிடைத்தது. ஹட்டனில் மெதடிஸ்த மிஷனின் ஹைலண்ட்ஸ் கல்லூரி வந்தது 1892இல். துரை, குதிரை, குழிப்பந்து, பிறகு பிள்ளைகள். இந்த வரிசையை யாரும் உட்கார்ந்து திட்டம் போட்டதாக நான் சொல்லவில்லை. வருஷங்கள் அப்படித்தான் விழுந்திருக்கின்றன.

எங்கள் கல்லூரியின் பெயரை எழுதப் போவதில்லை. 1982ஆம் ஆண்டு சீசனின் கோல் கணக்கு வெளியே வந்தால் பழைய மாணவர் சங்கத்தில் என் உறுப்புரிமை போய்விடும். ஹட்டனிலிருந்து பஸ் ஏறிப் போகும் தூரத்தில் இருந்தது, இன்னும் இருக்கிறது என்பது போதும். மலையை வெட்டி, வெட்டிய மண்ணைப் பள்ளத்தில் தள்ளி உண்டாக்கிய மைதானம் அது. வெட்டியவர்களுக்குப் பாதியிலேயே அலுத்துவிட்டது போலிருக்கிறது. ஒரு கோலிலிருந்து மறு கோலுக்குச் சாய்வு வெறுங்கண்ணுக்கே தெரியும். மேல் கோல், கீழ் கோல் என்றுதான் சொல்வோம். காசு சுண்டி வென்றால், மேலிருந்து கீழே அடிக்கும் பக்கத்தைக் கேட்போம். முதல் பாதியில் அடித்ததை வைத்துக்கொண்டு இரண்டாம் பாதியில் மானத்தைக் காப்பாற்றுவது, எங்களுக்குத் தெரிந்த ஒரே தந்திரம்.

மைதானத்தின் ஒரு பக்கம் மலைச்சுவர். மறுபக்கம் கோட்டைத் தாண்டினால் தோட்டத்துத் தேயிலை. அந்தப் பக்கம் பந்து போனால் நாலு நிரை தாண்டி, கான் தாண்டி, சில நாள் ஆற்றோரம் வரை போகும். கொழுந்தெடுக்கும் பெண்கள் கூடையைச் சாய்த்துக்கொண்டு ஒரு கையால் தூக்கி எறிவார்கள். அதில் பாதி எறிகைகள் எங்கள் எறிகைகளைவிடச் சுத்தமாக இருந்தன. செடி முறிகிறது என்று தோட்டத்திலிருந்து கடிதம் வந்தது. பந்தெடுக்க இறங்குகிறவன் சப்பாத்தைக் கழற்றிவிட்டுத்தான் இறங்க வேண்டும் என்று மாஸ்டர் சட்டம் போட்டார். எங்களில் முக்கால்வாசிப் பேருக்கு அந்தச் சட்டம் தேவைப்படவில்லை.

இன்றைக்கு மைதானம் சமமாகிவிட்டது. பெக்கோ வந்து மேல் பக்கத்தைச் சுரண்டிக் கீழ் பக்கத்தில் போட்டு, கொங்கிரீட் சுவர் எழுப்பி, அதன்மேல் கம்பி வலையும் அடித்தார்கள். பந்து தேயிலைக்குள் போவதில்லை. ஆனால் தண்ணீரும் போவதில்லை. சாய்வு இருந்த காலத்தில் எவ்வளவு பெரிய மழையானாலும் விட்ட கையோடு வடிந்துவிடும். அரை மணித்தியாலத்தில் ஆடலாம். இப்போது தென்மேல் பருவமழை பிடித்தால் நடுவட்டத்தில் தவளை கத்துகிறது. சமதரைக்காக ஒரு நூற்றாண்டு காத்திருந்தோம், கிடைத்தது குளம். இதில் எனக்கு வருத்தமில்லை. குளத்துக்குள்ளிருந்து தரை கிடைத்த கதையும் இந்த மலையில் உண்டு. 1969இல் மவுசாகலை நீர்த்தேக்கத்துக்காகப் பழைய மஸ்கெலியா நகரத்தை மூழ்கடித்தார்கள் அல்லவா, வரட்சியில் நீர் வற்றினால் அந்தப் பழைய ஊரின் கோயில் தலைகாட்டும். அடித்தரை காய்ந்து வெடித்ததும் பையன்கள் இரண்டு தடியை நட்டுக் கோல் போட்டுவிடுவார்கள். சமதரையின் அருமை அவர்களுக்குத் தெரியும்.

பாடசாலை உதைபந்தாட்டம் எங்கள் காலத்தில் இரண்டாம் தவணையில் வந்தது. இரண்டாம் தவணை என்றால் மே கடைசியிலிருந்து. கொழும்பில் யாரோ ஒருவர் நாட்காட்டியைப் பார்த்துத் தீர்மானித்திருக்க வேண்டும். ஜன்னலைப் பார்த்திருந்தால் ஹட்டன், நோர்வூட், வட்டவளைப் பக்கத்துக்கு அந்த மாதங்களை ஒதுக்கியிருக்க மாட்டார். காலையில் மழை, மத்தியானம் தூறல், நாலு மணிக்கு மெட்ச் தொடங்க நடுவர் வாயில் விசிலை வைக்கும்போது ஆற்றுப் பள்ளத்திலிருந்து மூடுபனி ஏறி வரும். முதலில் கீழ் கோல் மறையும். பிறகு கீழ் கோல்காரன் மறைவான். பந்து எங்கே என்று சத்தத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இங்கிலாந்தில் சாம் பார்ட்ரம் என்று ஒரு கோல் கீப்பர் இருந்தார், சார்ல்டன் அணிக்காரர். 1937 நத்தார் தினத்தில் செல்சியுடன் ஸ்டாம்ஃபோர்ட் பிரிட்ஜில் ஆடும்போது பனிமூட்டம் மூடி ஆட்டத்தை நிறுத்திவிட்டார்கள். எல்லோரும் உள்ளே போய்விட்டார்கள். இவருக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. தன்னுடைய ஆட்கள் எதிர்ப்பக்கத்தில் போட்டு வாட்டுகிறார்கள் என்று நினைத்துக் கோலுக்கு முன்னால் நின்றுகொண்டே இருந்தார். ஒரு பொலிஸ்காரர் பனிக்குள்ளிருந்து வந்து, 'ஆட்டம் எப்பவோ முடிந்துவிட்டதே' என்று சொன்ன பிறகுதான் உள்ளே போனார். இந்தக் கதையை இன்றுவரை அங்கே சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள். எங்கள் கோல் கீப்பருக்கு இது கிழமைக்கு ஒரு தடவை நடந்தது. பொலிஸ்காரர் மட்டும் வரவில்லை. பனிக்குள் தனியே நிற்கப் பயந்து அவன் உரக்க ஏழாம் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருப்பான். வாய்ப்பாடு கேட்கிறவரை அவன் நிற்கிறான் என்று எங்களுக்கும் தைரியம்.

அணியில் பாதி கடைவீதிப் பிள்ளைகள், பாதி லயத்துப் பிள்ளைகள். தோட்டப் பாடசாலைகள் பெரும்பாலும் ஐந்தாம் வகுப்போடு முடிந்துபோன காலம். அதைத் தாண்டி, மைல் கணக்கில் நடந்து, ஏலெவல்வரை வந்து சேர்ந்த லயத்துப் பையனின் காலில் என்ன பலம் இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஆட்டம் அவர்களிடம் இருந்தது. பூட்ஸ் எங்களிடம் இருந்தது. என் தகப்பனாருக்கு பஜாரில் சில்லறைக் கடை. அதனால் என் காலில் பாட்டா நிறுவனத்தின் பூட்ஸ், அதனால் என் பெயர் அணியில். அணிக்கு மொத்தம் ஏழு சோடி. எட்டாம் அளவு என்னுடையது மட்டும். முதல் இருபது நிமிஷம் நான் வலது விங்கில் ஓடுவேன். பிறகு மாஸ்டர் என்னை வெளியே கூப்பிடுவார். என் பூட்ஸைப் போட்டுக்கொண்டு, அந்த அளவுக் காலுள்ள நல்ல ஆட்டக்காரன் ஒருவன் உள்ளே போவான். விளம்பரத்துக்குச் சொல்லவில்லை, என் பூட்ஸ் அந்த சீசனில் இரண்டு கோல் அடித்தது.

வெறுங்காலோடு ஆடுகிறவர்களுக்கு மாஸ்டர் ஒரு கதை வைத்திருந்தார். கணக்கு மாஸ்டர்தான் எங்களுக்குப் பயிற்றுநரும். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் இந்திய அணியில் பெரும்பாலானோர் பூட்ஸ் இல்லாமல் பிரான்ஸை எதிர்த்து ஆடி, இரண்டு பெனால்டியைத் தவறவிட்டும் 2-1 என்ற கணக்கில்தான் தோற்றார்கள் என்பார். 'ரெண்டு பெனால்டிய ஒழுங்கா அடிச்சிருந்தா என்னடா ஆகியிருக்கும்? சப்பாத்தா அடிக்குது?' என்று கேட்பார். அந்தப் பெருமையில் நெஞ்சு விம்மும். அதே 1948இல், ஒலிம்பிக் முடிந்து மூன்று மாதத்தில், இலங்கையின் குடியுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்து, இந்திய வம்சாவளியினரான எங்கள் ஆட்களை நாடற்றவர்களாக்கியது. அதைப்பற்றி மாஸ்டர் சொன்னதில்லை. பாடத்திட்டத்தில் இல்லை.

பந்தைப்பற்றித் தனியே சொல்ல வேண்டும். 1982இல் ஸ்பெயினில் உலகக் கோப்பை. பாவ்லோ ரொஸ்ஸி அங்கே உதைத்தது டேங்கோ என்ற பந்து. நாங்கள் உதைத்தது அதற்கு இரண்டு தலைமுறை மூத்தது: உள்ளே பிளாடர், வாயில் தோல் நாடா கட்டுகிற பழைய சாதி. மழையில் பத்து நிமிஷம் உருண்டால் தண்ணீரைக் குடித்துப் பூசணிக்காய் போல் கனக்கும். நாடா இருக்கிற பக்கம் நெற்றியில் பட்டால் மறுநாள் காலைவரை அச்சு இருக்கும். பிளாடர் வெடித்தால் சைக்கிள் கடையில் ஒட்டுப் போடுவோம். தையல் பிரிந்தால் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் குடைக்கடியில் உட்கார்ந்திருக்கும் சப்பாத்துத் தைக்கிறவர் மெழுகு தேய்த்த நூலால் இழுத்துத் தைப்பார். ஒரு தடவை தைத்ததும் பந்தை எடையிடுவது போலக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, 'இதுல பாதி நூலுதாங்க தம்பி, தோலு எங்க இருக்கு?' என்றார்.

நனைந்த பந்தைக் காயவைப்பது பெரிய பாடு. வெயில் கிடையாது. பின்கள ஆட்டக்காரன் ஒருவன் அதைத் தன் லயத்துக்குக் கொண்டுபோவான். ரொட்டி சுடுகிற அடுப்புக்கு மேலே, விறகு அடுக்குகிற பரணில் வைப்பார்கள். சூடு மிஞ்சினால் தோல் வெடிக்கும், குறைந்தால் பூஞ்சணம் பிடிக்கும். அவனுடைய அம்மா ரொட்டியைத் திருப்பும்போதெல்லாம் பந்தையும் ஒரு திருப்புத் திருப்புவாராம். மெட்ச் அன்று பந்து வரும்போது தேங்காயெண்ணெயும் விறகுப் புகையும் கலந்த வாசம் அடிக்கும். எதிரணி மத்தியஸ்தரிடம் ஒரு தடவை முறையிட்டது: பந்தில் கருவாட்டு வாசம் வருகிறது என்று. மத்தியஸ்தர் முகர்ந்து பார்த்து, விதிப் புத்தகத்தில் வாசம் பற்றி ஒன்றும் இல்லை என்று தீர்ப்புச் சொன்னார்.

ஜேர்சி, மா சாக்குத் துணியில் தைத்து நீலச் சாயம் தோய்த்தது. இலக்கங்களை வெள்ளைத் துணியில் வெட்டி ஒட்டித் தைத்தோம். முதல் மழையிலேயே சாயம் இறங்கி இலக்கமும் நீலம், முதுகும் நீலம், அரைக்கால் சட்டையும் நீலம். யார் எந்த இலக்கம் என்று நடுவருக்குத் தெரியாததால் அந்த சீசனில் எங்களில் ஒருவனுக்கும் எச்சரிக்கை எழுதப்படவில்லை. ஒழுக்கத்துக்கான விருது என்று ஒன்று இருந்திருந்தால் எங்களுக்குத்தான்.

இன்றைய பிள்ளைகளின் ஜேர்சியில் இலக்கம் கரைவதில்லை. முன்பக்கம் நகைக்கடை, பின்பக்கம் டியூஷன் வகுப்பு, தோளில் கட்டாரில் இருக்கும் ஒரு பழைய மாணவரின் பெயர். கழுத்துக்குக் கீழே மிஞ்சிய இடத்தில் கல்லூரிச் சின்னம், சின்னதாக. பூட்ஸ் எல்லோருக்கும் இருக்கிறது. மஞ்சள், பச்சை, ரோஸ் என்று மைதானம் பூக்கடை மாதிரி. ஏழு சோடிக்குப் பதினொரு பேர் என்று இருந்தது போய், இருபது சோடிக்குப் பதினொரு பேரைத் தேடுகிறார்கள். அந்தத் தேடலுக்குப் பிறகு வருகிறேன்.

82 சீசனின் முதல் மெட்ச் எங்கள் மைதானத்தில். வென்றோம். சாய்வுக்குப் பழகாத கால்களோடு வந்தவர்கள் பாவம், மேல் கோலை நோக்கி ஓடி ஓடி மூச்சு வாங்கினார்கள். அந்த வெற்றியில் நாங்கள் எங்களைப்பற்றி நிறைய நினைத்துக்கொண்டோம். இரண்டாவது மெட்சுக்கு நாவலப்பிட்டிக்குக் கோச்சியில் இறங்கினோம். வட்டவளை தாண்டி, கலபொட தாண்டி, கோச்சி இறங்க இறங்க ஸ்வெட்டரைக் கழற்றினோம், பிறகு சட்டைப் பொத்தானைக் கழற்றினோம். நாவலப்பிட்டி, கம்பளை, மாத்தளைப் பக்கமெல்லாம் உதைபந்து ஊறின ஊர்கள். அங்கே தரை சமமாக இருந்தது. அதுதான் எங்களுக்கு விளங்கவில்லை. பந்தைத் தள்ளினால் தள்ளின தூரத்துக்குத்தான் போனது; மிச்சத்துக்கு நாமே ஓட வேண்டியிருந்தது. எத்தனை கோல் வாங்கினோம் என்பதை மேலே சொன்ன உறுப்புரிமைக் காரணத்துக்காக விட்டுவிடுகிறேன். திரும்பி வரும்போது கோச்சியில் மாஸ்டர் ஒரு வார்த்தை பேசவில்லை. பாண் வாங்கிப் பருப்போடு தந்தார். அதைவிட ஏசியிருக்கலாம்.

மூன்றாவது மெட்சுக்கு முந்திய புதன்கிழமை, பயிற்சி முடிந்து கோல் கீப்பர் மாஸ்டரிடம் போனான். நான் பூட்ஸை வாங்கக் காத்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.

'சேர், வெள்ளிக்கிழம நா வரமாட்டேங்க.'

'ஏண்டா, காய்ச்சலா? மெடிக்கல் கொண்டா.'

'இல்லீங்க சேர். நாங்க இந்தியாவுக்குப் போறோம்.'

'எப்படா திரும்பி வருவ?'

'திரும்பி வரமாட்டோங்க.'

மாஸ்டர் கொஞ்ச நேரம் அவனைப் பார்த்தார். பிறகு வாயில் வந்தது இதுதான்: 'டேய், மெட்ச் வெள்ளிக்கிழமடா!'

வியாழக்கிழமை இரவு ஹட்டன் ஸ்டேசனில் ஏறினார்கள். தலைமன்னார்வரை கோச்சி, அங்கிருந்து ராமானுஜம் கப்பல், அப்புறம் மண்டபம் முகாம். ஒப்பாரிக் கோச்சி என்று சனங்கள் பேர் வைத்தது சும்மா இல்லை. பெட்டிக்குள் ஏறியவர்களும் அழுதார்கள், மேடையில் நின்றவர்களும் அழுதார்கள். தகரப் பெட்டி, அம்மி, சாமி படம், ஒரு மூட்டைக்குள் கோழி. கோல் கீப்பர் ஜன்னலில் தலை நீட்டி, மூன்றாம் இலக்கக்காரனைக் கோலில் நிறுத்தச் சொல்லி மாஸ்டருக்குத் தகவல் சொன்னான். மாஸ்டர் மூன்றாம் இலக்கக்காரனைத்தான் நிறுத்தினார். அவன் நல்ல பின்கள ஆட்டக்காரன். அவனுக்கு ஒரே குறை, பந்து வந்தால் காலால் உதைக்கிற பழக்கம் போகவில்லை. கோலுக்குள்ளேயும் உதைத்தான்.

அந்த வெள்ளிக்கிழமை எங்களைத் தோற்கடித்தது எதிரணி என்று சொல்வது நியாயமில்லை. 1964 ஒக்டோபரில் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டபோது எங்கள் கோல் கீப்பர் பிறந்தே இருக்கவில்லை. எங்கள் ஆட்களில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். 1 இலட்சத்து 50 ஆயிரம் பேர் மிஞ்சினார்கள். அவர்களுக்காக 1974இல் மறு ஆட்டம். சிறிமாவோ பழைய ஆள். எதிரில் இந்திரா காந்தி. ஆளுக்கு 75,000 என்று சமநிலையில் முடித்துக்கொண்டார்கள். இவ்வளவு பெரிய ஆட்டத்தில் ஒரு கோல் கீப்பர் எந்தப் பக்கம் போனான் என்பதை யார் கவனித்திருக்கப் போகிறார்கள். நாங்கள்தான் கவனித்தோம், ஆறு தடவை.

ஆள் இப்படிப் போனது அந்த சீசனில் மட்டும் அல்ல. எனக்கு முந்திய அணிகளிலும் அப்படித்தான். வருஷா வருஷம் தவணைத் தொடக்கத்தில் மாஸ்டர் பெயர்ப் பட்டியல் எழுதும்போது ஒவ்வொருவனிடமும் கேட்பார்: 'ஒங்களுக்கு எந்தப் பாஸ்போட்?' இந்தியன் என்றால் பெயருக்குப் பக்கத்தில் பென்சிலால் எழுதுவார். சிலோன் என்றால் பேனாவால். எல்லாப் பயிற்றுநரும் பார்ப்பது காலை. எங்கள் மாஸ்டர் காலையும் பார்த்தார், கடுதாசியையும் பார்த்தார். பதினோராவது ஆள் எப்போதும் பென்சில்.

83 ஜூலைக் கலவரத்தில் சீசனும் இல்லை, இன்னும் பலவும் இல்லை. 84இல் கப்பல் நின்றது. வலது பின்களத்தில் ஆடியவனுடைய குடும்பம் எல்லாவற்றையும் விற்று, இந்தியப் பாஸ்போட்டைக் கையில் வைத்துக்கொண்டு கப்பலுக்குக் காத்திருந்தது. ஆட்டையும் மாட்டையும் விற்றாயிற்று, கப்பல் இல்லை. அவர் இங்கேயே நின்றுபோனார். இந்தியாவுக்கும் போகவில்லை, இலங்கைக்காரரும் இல்லை. லொறியில் கிளீனராகப் போனார், பிறகு சாரதி. 2003ஆம் ஆண்டு இந்திய வம்சாவளியினருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் பாராளுமன்றத்தில் நிறைவேறியபோதுதான் அவர் பேனாவுக்கு மாறினார். அப்போது அவருக்கு நாற்பது வயது. தேசிய அணிக்குத் தெரிவாக இனித் தடையில்லை என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

போன கோல் கீப்பர் கூடலூரில் இருக்கிறார். தமிழ்நாட்டு அரசு, தாயகம் திரும்பியோருக்காக 1968இலேயே நீலகிரியில் தேயிலை போடத் தொடங்கி, பின்னர் டேன்டீ என்று கழகமாக்கிய தோட்டம். ஹட்டனில் கொழுந்தெடுத்த குடும்பம், கடல் தாண்டிப் போய், அங்கேயும் கொழுந்தெடுத்தது. சிலோன்காரர் என்று அங்கே பேராம். இங்கே இருந்தவரை இந்தியாக்காரர். வாட்ஸ்அப்பில் எங்கள் பழைய அணிக்கு ஒரு குழு இருக்கிறது. அதில் தினமும் காலையில் பூப்படத்தோடு வணக்கம் போடுகிறவர் அவர்தான். கூடலூரிலும் பனி ஏறுகிறது என்று வீடியோ அனுப்புவார். முதல் மெட்சில் எதிரணி அடித்த பந்து கோட்டைத் தாண்டியதா இல்லையா என்று இந்தக் குழுவில் இன்னும் வழக்கு நடக்கிறது. தாண்டவில்லை என்று சாதிக்கிறார். அவருக்குச் சாட்சி அவர் மட்டுந்தான்; மற்ற எல்லோருக்கும் பனி.

இப்போதைய அணிக்கு வருகிறேன். பாஸ்போட் கேள்வி இல்லை. அதற்குப் பதில் வேறு கேள்விகள். சனி ஞாயிறு டியூஷன் வகுப்பா? ஓலெவல் எழுதியதும் கொழும்புக்கா? புறக்கோட்டையிலும் வெள்ளவத்தையிலும் உள்ள கடைகளுக்கு எங்கள் ஊரின் கால்களை நன்றாகத் தெரியும். நாள் முழுக்க நின்று புடவை விரிக்க, உதைபந்து ஆடிய கால்கள் தோதாம். கொரோனாவுக்கும் பொருளாதார நெருக்கடிக்கும் பிறகு பரீட்சைகள் ஆண்டு மாறி வரத் தொடங்கின. 2022ஆம் ஆண்டுக்கான சாதாரண தரப் பரீட்சை 2023 மே கடைசியில்தான் ஆரம்பித்தது. அந்த வருஷம் எங்கள் சீசன் எப்போது தொடங்கி எப்போது முடிந்தது என்று மாணவர்களுக்கும் தெரியாது, பயிற்றுநருக்கும் தெரியாது. அதே 2023 ஜனவரியில் சர்வதேச உதைபந்தாட்டச் சம்மேளனம் இலங்கையை இடைநிறுத்தி, ஓகஸ்ட் கடைசியில்தான் தடையை நீக்கியது. ஏழு மாதம் இந்த நாடு உலக உதைபந்துக் கணக்கில் இல்லை. 1995இல் இந்தியாவை வென்று தெற்காசியக் கோப்பையைத் தூக்கிய நாடு. எங்கள் மைதானத்தில் இதனால் ஏதாவது மாறியதா என்று அணித் தலைவனிடம் கேட்டேன். 'தடையா? எந்தத் தடை அங்கிள்?' என்றான். நாடற்றிருப்பது ஒரு நாட்டுக்கே புதிதாக இருந்தது, எங்களுக்குப் பழக்கம்.

ஆட்ட அறிவு மட்டும் எங்களைவிட நூறு மடங்கு. பார்சலோனா எப்படிப் பந்து சுற்றும், மெட்ரிட் எப்படிக் கவுண்டர் போகும் என்று தொலைபேசியில் பார்த்து, விரலால் கோடு போட்டு விளக்குகிறார்கள். அந்தக் காலத்தில் மாஸ்டர் எங்களுக்குத் தந்த தந்திரோபாய விளக்கம் முழுவதையும் ஒரு வரியில் எழுதலாம்: 'பனிக்குள்ள நிக்காதீங்கடா, சத்தம் போடுங்க!' இவர்களிடம் வரைபடம் இருக்கிறது. வரைபடத்தில் பதினொரு வட்டங்கள். சனிக்கிழமை பயிற்சிக்கு வருவது ஏழு வட்டம்.

பெண்பிள்ளைகளும் ஆடுகிறார்கள். என் மருமகனின் மகள் இடது விங். கொழுந்தெடுத்த கைகள் எங்களுக்குப் பந்தெறிந்த அதே தோட்டத்திலிருந்து வருகிறவள் அவளுடைய கோல் கீப்பர். எறிகை பரம்பரை என்று நினைக்கிறேன். இவர்களுடைய அணிக்குத்தான் ஆள் குறையவில்லை. காரணம் கேட்டேன். 'எங்களக் கொழும்புக்கு அனுப்பமாட்டாங்க தாத்தா, பயம்' என்றாள். ஆடைத் தொழிற்சாலைக்கு அனுப்பும்வரை என்று மனசுக்குள் சேர்த்துக்கொண்டேன், சொல்லவில்லை.

மைதானங்கள் பெரிதாகியிருக்கின்றன, அதைச் சொல்லாமல் விட்டால் அநியாயம். நோர்வூட்டில் சௌமியமூர்த்தி தொண்டமான் பெயரில் விளையாட்டரங்கு இருக்கிறது. எங்கள் காலத்தில் அப்படி ஒன்று கனவில்கூட இல்லை. 2017 மே 12இல் இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி நோர்வூட் மைதானத்தில்தான் மலையக மக்களுக்கு உரையாற்றி, மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். 2020 மே 31இல் ஆறுமுகன் தொண்டமானின் இறுதிக் கிரியைகளும் நோர்வூட்டில்தான். ஊர் சேர வேண்டுமென்றால் சமதரைக்குத்தான் சேர வேண்டும். மலையில் வேறெங்கே அத்தனை பேர் நிற்பது? சந்தோஷமும் துக்கமும் ஹெலிகொப்டரும் இறங்குகிற இடத்தில், இடைப்பட்ட நாட்களில் பந்தும் உருள்கிறது.

எங்கள் கல்லூரி மைதானத்துக்கும் அந்த யோகம் வந்தது. கோல் வலை கிழிந்து, பந்து உள்ளே போனதா பக்கத்தால் போனதா என்று ஒவ்வொரு மெட்சிலும் சண்டை. வாட்ஸ்அப் குழுவில் சொன்னேன். கனடாவிலிருந்து இடது விங் காசு போட்டார், கட்டாரிலிருந்து ஒரு தம்பி, கூடலூர்க்காரரும் தன் பங்குக்கு இந்தியப் பணத்தில் ஐந்நூறு. அதை இங்கே எடுக்க முடியாது என்று எவ்வளவு சொல்லியும் அனுப்பிவிட்டேன் என்று ரசீதைப் படம் பிடித்துப் போட்டார். நைலோன் வலை இரண்டு சோடி கொழும்பில் வாங்கி சீசன் தொடங்குமுன்னே பஸ்ஸில் வந்து சேர்ந்தது. கட்ட அரை மணித்தியாலம் போதும். ஆனால் சும்மா கட்டினால் எப்படி? கையளிப்பு விழா ஒன்று வேண்டும், பிரமுகர் ஒருவர் வேண்டும், அவருக்குத் திகதி வேண்டும். திகதி இரண்டு தடவை தள்ளிப்போனது. வலை அலுவலக அலுமாரிக்குள் பூட்டியிருந்தது. பிள்ளைகள் கிழிந்த வலையோடு கோட்ட மட்டம் ஆடினார்கள், வலய மட்டம் ஆடினார்கள், வலய மட்டத்தில் தோற்றார்கள்.

விழா அதற்கடுத்த கிழமை நடந்தது. பெனால்டி எல்லைக்குள் பந்தல் போட்டு, நடுவட்டம்வரை கதிரை அடுக்கியிருந்தார்கள். தப்படித்து, மாலை போட்டு, பிரமுகரை மேடைக்கு அழைத்துப் போனோம். உதைபந்தாட்டம் ஒற்றுமையை வளர்க்கிறது என்று அவர் பேசினார். வலையைப் பொதியோடு வாங்கிப் புகைப்படத்துக்குப் பிடித்துக்கொண்டிருக்க, அதிபர் ஒரு மூலையையும் அணித் தலைவன் மறு மூலையையும் பிடிக்க வேண்டும். தலைவனை அழைத்தார்கள். வரவில்லை. மறுபடி அழைத்தார்கள். பிறகுதான் பின்வரிசைப் பையன் ஒருவன் எழுந்து சொன்னான், அண்ணன் முந்தாநாளே கொழும்புக் கடைக்கு வேலைக்குப் போயிட்டாருங்க என்று. அதிபர் சுற்றுமுற்றும் பார்த்து, பழைய மாணவர் வரிசையில் உட்கார்ந்திருந்த என்னைக் கைகாட்டினார். நான் போய் மூலையைப் பிடித்தேன்.